தடவிப் பார்க்கிறவள்

அண்டியாபீசில் எனக்கு மட்டும் அண்டி உடைக்காத வேலை.
அஞ்சு மணிச் சங்கு ஊதியதும்
கேட்டுப் பக்கத்துத் தட்டி மறைவில் நின்று
நூற்றுப் பத்துப் பெண்களைத் தடவிப் பார்ப்பேன்.
இடுப்பு, முந்தி, கொண்டை,
சோற்றுப் பாத்திரத்தின் அடித்தட்டு.
எனக்க கைக்குக் கண் உண்டு என்பார் மானேஜர் ரசல்ராஜ்.
உண்டுதான்.
உடைசல் என்றால் துணிக்குள் நெரியும்.
முழுப்பருப்பு
வளைந்து, வழுக்கி, விரலுக்கு முந்தி ஓடும்.
பிடிபட்டால் ஒரு நாள் கூலி போச்சு.
இரண்டாம் தடவை, வேலையே போச்சு.

வியாழன் ராத்திரி மழை. ஐப்பசி.
கருங்கல் ரோட்டில் கரண்ட் போயிருந்தது,
அது நல்லதாகப் போயிற்று.
வீட்டுக்கு ஒரு விளக்கு,
விளக்கின் கீழே சருவத்தில் வெள்ளம்.
ரப்பர் விளைக்குள் மண் வாய் திறந்து
விடிய விடிய வந்து விழுந்தது ஈசல்.
காலையில் சுளவில் போட்டுப் புடைத்தால்
சிறகு காற்றோடு,
சாமான் நம்மோடு.

சனிக்கிழமை மூணரை மணி டீக்கு
பொதிகள் அவிழ்ந்தன.
அரிசியும் ஈசலும் சேர்த்து வறுத்தது எல்லாரிடமும்.
தேங்காய்ச் சில்லோடு ஒருத்தி,
நல்லமிளகு இடித்துப் போட்டு ஒருத்தி,
கனகபாய் மட்டும் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு.
அண்டிக்கறை சோப்புக்குப் போகாது.
கறுத்த விரல்கள் கறுத்ததை எடுக்க,
விரல் எது தீனி எது என்று
வாய்க்குத்தான் தெரியும்.

"சத்துள்ளதாக்கும் பிள்ளே, இறைச்சி தோத்துப் போவும்."
"கிலோ என்ன வெல வரும்?"
"வெல எல்லாம் பருப்புக்கு. ஈயலுக்கு மழை வரும், அவ்வளவுதான்."

ரசல்ராஜ் சார் அந்த வழி வந்தவர்
மூக்கைச் சுளித்தார்.
"பூச்சியையா தின்னுதிய?"
யாரும் எழும்பவில்லை.
லீதியாள் வாயில் இருந்ததை மென்று முடித்துவிட்டு
மரியாதையாய்க் கேட்டாள்:
"சாரு திங்க குளச்சல் றாலுக்கு
எத்தன காலு சார்?"

அஞ்சு மணி. சங்கு.
கொண்டை, முந்தி, இடுப்பு.
கொண்டை, முந்தி, இடுப்பு.
மரியசெல்வத்தின் மடியில் ஒரு மிச்சப் பொதி,
கனமில்லாமல்.
ஈசல் என்றது கை. விடப் போனேன்.
அப்போதுதான்
வளைந்து, வழுக்கி,
விரலுக்கு முந்தி ஓடிற்று ஒன்று.

அவிழ்த்தேன்.
அரிசி, ஈசல், நடுவில் முழுப்பருப்பு.
பழக்கதோஷம், எண்ணினேன். ஏழு.
எண்ணெயில் பொரிந்து சிவந்து,
மேலே மிளகு ஒட்டி.

அப்படியென்றால் இது இன்றைக்கு எடுத்ததல்ல.
போன வாரமோ, அதற்கும் முன்போ
இதே தட்டி மறைவில்
கண்ணுள்ள இதே கைக்கு அடியில் கடந்து போய்,
பஸ் ஏறி, வீடு சேர்ந்து, சட்டியில் புரண்டு,
என்னைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று
திரும்பி வந்திருக்கிறது.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.
தட்டியில் ஒற்றைச் சிறகு ஒட்டியிருந்தது,
அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.
பின்னாலிருந்து சத்தம்:
"எக்கா, பள்ளியாடி பஸ்சு போவுது!"

ஒரு பருப்பை வாயில் போட்டேன்.
பதினாறு வருஷமாய்ப் பிடித்துக் கொடுக்கிறேன்,
கலியாண வீட்டுப் பாயசத்தில் தவிர
கடித்ததில்லை.
கடித்தேன். மாவாய்ப் போயிற்று.
அதன் மேல் ஒரு பிடி ஈசல்.
அது பல்லில் நொறுங்கி
நெய்யும் மண்ணுமாய் மணந்தது.
உள்ளதைச் சொன்னால்
ஈசல்தான் ருசி.
கப்பல் ஏறிப் போகிறதற்கு
ஏன் இந்தக் காவல் என்று தோன்றிற்று.

பொதியைக் கட்டி மடியில் திருப்பிச் செருகினேன்.
"உப்பு காணாது" என்றேன்.
அவள் அப்போதும் அசையவில்லை.
"போ பிள்ளே, பஸ்சு."

நோட்டில் அன்றைய தேதிக்கு நேரே
ஒன்றுமில்லை என்று எழுதினேன்.
தாளில் மிளகு மணத்தது.