காபி மிச்சமிருக்கிறதா என்று ரெய்னோ கேட்டபோது

செப்டம்பர் கடைசி சனி, விஸ்கான்சின் வடக்கு.
படகுத்துறைப் பலகையில் உறைபனி
உப்பைத் தூவியது போல.
ரெய்னோ பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன்.
நான் தபால் வண்டி: எண்பத்திரண்டு மைல்,
முந்நூற்றுப் பத்து பெட்டிகள்.
எங்கே நிற்க வேண்டும் என்பது
எங்கள் இருவருக்கும் மனப்பாடம்.
மஸ்கிக்கு அப்படியொரு நிறுத்தம் கிடையாது.

பெட்டியைத் திறக்கிறேன்.
பதினேழு ஸ்பின்னர்பெய்ட்.
மடக்கிய முழங்கை மாதிரி ஒரு கம்பி;
கீழ்க்கையில் ஈயத்தலை, ரப்பர்ப் பாவாடை, கொக்கி,
மேல்கையில் சுழலும் தகடு.
நீர்க்கொடி மண்டிய இடத்தில்
வேறெதை எறிந்தாலும் கீரைக்கட்டுதான் திரும்பி வரும்.
இது மட்டும் நெரிசலில் முழங்கையை முன்னால் நீட்டி
வழி பண்ணிக்கொண்டு வந்துவிடும்.

இன்று எது?

இந்த ஏரி சதுப்பிலிருந்து வடிந்த கஷாயம்.
கையை முக்கினால் மணிக்கட்டோடு காணோம்.
கண்ணை நம்பி இங்கே பிழைப்பு நடக்காது.
ஆகவே கொலராடோ: வட்டத் தகடு, செம்பு, எண் எட்டு.
அது மினுக்காது, தட்டும்.
பூட்டிய கதவை உள்ளங்கையால்
தொம் தொம்மென்று தட்டுகிற தட்டு
கோல் வழியே என் முழங்கைவரை வரும்.
மீனுக்கு விலா முழுக்கக் காது.

வடக்குக் குடாவில் நீர் தெளிவு.
அங்கே, வெயிலும் காற்றும் ஒன்றாக வாய்த்தால்,
வில்லோ: ஒல்லி இலைத் தகடு, வெள்ளி நிறம்,
நீரின் தோலுக்கு ஒரு விரற்கடை கீழே
தோல் புடைக்கப் புடைக்க வேகமாக இழு.
காற்று நின்றுவிட்டால்
அந்த வெள்ளியின் பொய் வெளுத்துவிடும்.

வாடைக்காற்று வீசிப் போன மறுநாள்
வானம் சலவை நீலம், மீனுக்கு வாய்ப்பூட்டு.
அன்றைக்குச் சிறியது, மெதுவாக, இன்னும் மெதுவாக.

இரவுக்குக் கறுப்பு.
இருட்டில் எதற்குக் கறுப்பு என்பான் ரெய்னோ,
நான்கு வருடமாக.
கீழேயிருந்து பார்க்கிறவனுக்கு
வானம்தானே பின்சுவர் என்பேன், நான்கு வருடமாக.

அவனிடம் இருப்பது ஒன்றே ஒன்று.
மஞ்சள்பச்சை, பாதிப் பாவாடை கடிபட்டுப் போனது.
வெயிலோ மழையோ அதுதான்.
"பசித்தவன் மெனு கேட்பானா?"

ஒன்பது பத்துக்கு வந்தது.
என் செம்புக்குப் பின்னால், ஒரு முழம் விட்டு,
அவசரமே இல்லாமல் ஒரு பெரிய பழுப்பு.
படகோரம் கோல்நுனியை நீருக்குள் நுழைத்து
உரிமம் கேட்டு வந்தவளைப் போல எட்டுப் போட்டேன்.
ஒரு எட்டு. இன்னொரு எட்டு.
அதிகாரி முழுசாகப் பார்த்தார்,
கையெழுத்துப் போடாமல் கீழே போய்விட்டார்.

அதன்பின் எனக்குப் புத்தி நிலைகொள்ளவில்லை.
செம்பைக் கழற்றி ஆரஞ்சு. ஆரஞ்சைக் கழற்றி வெள்ளை.
மறுபடி ஆரஞ்சு.
விரல் மரத்து, கொக்கி எது கட்டைவிரல் எது என்று தெரியாமல்
கொடிவிளிம்பைத் தாண்டி ஒரு வீச்சு.

அப்போதுதான் ரெய்னோ கேட்டான்,
பிளாஸ்கில் காபி மிச்சமிருக்கிறதா என்று.

ரீலை நிறுத்திவிட்டுக் குனிந்தேன்.
இழுப்பாரில்லாத ஆரஞ்சு
விளிம்புச் சரிவில், மேப்பிள் விதை இறங்குவது போல்,
தகடு தலைக்குமேல் சுற்றச் சுற்ற
இறங்கிக்கொண்டிருந்தது.

கயிறு பக்கவாட்டில் நடந்தது.

அப்புறம் நடந்தது வரிசையாக நினைவில்லை.
வலை. ரெய்னோவின் கெட்ட வார்த்தை, ஃபின்னிஷில்.
நாற்பத்தாறு அங்குலம், வலைக்குள்ளேயே, நீருக்குள்ளேயே.
கொக்கி செவுளோரம் ஆழமாக.
பிடுங்கினால் ரத்தம்; வெட்டுகோலை எடுத்தேன்.
டக்.
வாலடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்,
அது என் கையை உதறும்வரை.

குறிப்பேட்டில் எழுதியது:
நீர் 58 டிகிரி. மேகம். ஆரஞ்சு, கொலராடோ.
தேர்ந்தெடுத்த காரணம் என்ற கட்டத்தில்
பேனா கொஞ்சநேரம் நின்றது. காபி என்று எழுதினேன்.

பெட்டியில் இனி பதினாறு.
வெட்டுப்பட்ட கொக்கியின் முனைத்துண்டு
படகின் அடித்தட்டில் எங்கோ கிடக்கிறது.
வெறுங்காலோடு ஏறாதே என்று
ரெய்னோவின் இருக்கையில் ஒட்டிவைத்திருக்கிறேன்.