பதினேழாம் தேதியின் வடிதாள்

எடை பார்க்கும் முன்
ஒரு நாள் முழுக்க அவற்றைச் சும்மா விட வேண்டும்.
ஒரே சூடு, ஒரே ஈரப்பதம்.
கண்ணாடி அறைக்குள்
மருத்துவரைப் பார்க்க வந்தவர்கள் போல
வரிசையில் காத்திருக்கும் வட்டத் தாள்கள்.

இடுக்கியால் எடுத்துத் தராசில் வைத்து
கதவை மூடி
நானும் மூச்சை அடக்கிக்கொள்வேன்.
விரல் ரேகை ஒன்று பட்டால் போதும்,
உலான்பாத்தரின் ஓர் இரவு
பொய்யாகிவிடும்.

கடுகு என்றுகூடச் சொல்ல முடியாது.
ஒரு தலைமயிரை நீளவாக்கில்
முப்பதாய்ப் பிளந்தால் வருகிற அகலம்.
அதற்குத்தான் இத்தனை மரியாதை.

ஜூலைத் தாள் போனபடியே திரும்பி வரும்.
அக்டோபரில் பால்தேநீர் நிறம்.
ஜனவரியில்
பூட்ஸின் அடிப்பாகம்.

நாளுக்கும் ஒரு வடிவம் உண்டு.
மதியம் இரண்டுக்கு போக்த் மலை தெரியும்,
மரம் மரமாக.
நாலரைக்கு வடக்குச் சரிவில் முதல் புகைபோக்கி,
அப்புறம் பத்து, நூறு,
அப்புறம் எண்ணுவதை விட்டுவிடுவேன்.
குளிர் கனமானது, பள்ளத்தாக்கில் படுத்துக்கொள்ளும்.
வெதுவெதுப்பு மேலே நின்று மூடியாகும்.
இரவு பதினொன்றில் ஒரு உச்சம்,
அடுப்புகள் தணியும் மூன்று மணிக்கு ஒரு சரிவு,
எழுந்தவர்கள் மறுபடி கரி போடும் ஏழுக்கு இன்னொன்று.
வரைந்து பார்த்தால்
கோபி ஒட்டகத்தின் இரண்டு திமில்.

அந்தத் திமிலில் எங்கள் கெர் கூடாரமும் உண்டு.
நியாம்தோர்ஜ் அப்போது
நலைக்கிலிருந்து லாரியில் கரி கொண்டுவந்து
மூட்டை மூட்டையாய் விற்றான்.
அவன் கிலோவில் நிறுத்ததை
நான் மைக்ரோகிராமில் நிறுத்தேன்.
இரண்டு தராசு, ஒரே சரக்கு,
சாப்பாடு ஒரே பானையில்.

கச்சா நிலக்கரிக்குத் தடை வந்தது.
லாரி போயிற்று, பாதி விலைக்கு.
பழுப்புப் பையில் அழுத்திய கரிக்கட்டி வந்தது,
புகை குறைவு, தலைவலி அதிகம் என்றாள்
பக்கத்துக் கூடாரத்து ஹுலான்.
என் தாள்கள் வெளுத்தன.
பொய்யில்லை, நானே நிறுத்தேன்.
அலுவலகத்தில் சரியும் கோட்டைத் திரையில் போட்டார்கள்.
எல்லோரும் கைதட்டினார்கள். நானும்.
வீட்டில் அவன்
மூன்று நாள் பேசவில்லை.

சொல்லாத ஒன்று என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.
தடைக்கு இரண்டு வருடம் முந்தைய ஜனவரி, பதினேழு.
கழிக்கு முப்பத்தெட்டு பாகை கீழே.
நள்ளிரவு கடந்து ஒன்று பத்துக்கு
தாள் அடைத்துக்கொண்டது.
காற்று நுழைய இடமில்லை.
பம்பு திணறி, சூடாகி,
தானே நின்றுவிட்டது.
முழு நாள் ஓடாத மாதிரி கணக்கில் சேராது.
விதி அப்படி.
'செல்லாது' என்று பதிவேட்டில் எழுதியது
என் கைதான்.

ஆக, அந்த வருடத்துச் சராசரியில்
அந்த வருடத்தின் மிக மோசமான இரவு இல்லை.
திரையில் பார்த்த சரிவு
உண்மையில் இன்னும் செங்குத்து.
தடை செய்தது
அவர்கள் தட்டிய கையைவிடப் பெரிது.

இதை யாரிடம் சொல்வது?
லாரியை இழந்தவனிடமா?

போன ஞாயிற்றுக்கிழமை சொன்னேன்.
மூடியிட்ட கண்ணாடிக் கிண்ணியை
மேசையில், உப்புக்குப் பக்கத்தில் வைத்தேன்.
மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு
ஜன்னல் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
கோபப்படுவான் என்றிருந்தேன்.

"இதில் என் மூட்டை எது?"

"தெரியாது," என்றேன்.
"நம் அடுப்பும் இதில்தான்."

தலையாட்டினான்.
மணி நாலரை ஆகியிருந்தது.
எழுந்து போய்
அடுப்பின் கதவைத் திறந்து
இரண்டு கட்டி போட்டான்.
மூன்றாவதைக் கையிலேயே
கொஞ்ச நேரம் வைத்திருந்தான்.