குலுக்கியபோது விழுந்தவை

செவ்வாய்தோறும் ஏழு மணிக்கு
ஔலு நகரத்து டயர் கிடங்கொன்றில் கூடுகிறோம்,
வாசிக்க என்றுதான் பெயர்.

முதல் ஒரு மணி நேரம்
பெட்டியையே திறப்பதில்லை யாரும்.
வெளியே மைனஸ் பதினான்கு.
காப்பி இறங்க வேண்டும், விரல் உருக வேண்டும்.
அதற்குள் தந்தி பற்றிய சண்டை சூடேறிவிடும்.

புதுத் தந்தி மாட்டிய முதல் ஒரு வாரம்
கிட்டார் பொய் சொல்கிறது,
அப்புறம்தான் பேசுகிறது என்பான் ஓஹ்தோ.
பனி அள்ளும் வண்டி ஓட்டுகிறவன்.
"செத்த தந்தியைக் கழற்றச் சோம்பல்,
அதற்கொரு தத்துவம்" என்பாள் சிர்க்கு.
பல் மருத்துவர். அவளிடம் ஒன்பது கிட்டார்.
கணவனின் கணக்கில் ஆறு.
மீதி மூன்றும் எக்ஸ்ரே அறையில்,
ஈயக் கதவுக்குப் பின்னால்.

பென்த்தி பள்ளிக்கூடச் சமையல்காரர்.
டாங்கோ. டாங்கோ மட்டும்.
மைனரில் அழாத எல்லாமே
விளம்பரப் பாட்டு அவருக்கு.
ஓஹ்தோவுக்கோ வண்டிக்குள் தனியாய்
அதிகாலை மூன்று மணிக்கு
மண்டையில் இடிக்கும் மெட்டல் வேண்டும்.
"அந்நேரத்தில் டாங்கோ கேட்டால்
நேரே ஆற்றுக்குள் விட்டுவிடுவேன்."

நான் நூலக வண்டி ஓட்டுகிறேன்.
யார் திருப்பித் தந்த இசைத்தட்டானாலும்
அடுத்த ஊர் வரை கேட்பேன்.
ரசனை கெட்டவன் என்று இதைச் சுருக்குகிறாள் சிர்க்கு.

நால்வரும் ஒத்துப்போகும் ஒரே விஷயம்
எஃப் கார்ட்.
ஆள்காட்டி விரலை
ஆறு தந்திக்கும் குறுக்கே கிடத்த வேண்டும்.
நான்கு ஒலிக்கும். ஒன்று முனகும்.
ஒன்று, ஈரத்துணி உதறினாற்போல், டப்.
பதினோரு வருஷமாக வாசிக்கிறார் பென்த்தி.
எஃப் வரும் இடத்தில் இருமுவார்.
இருமலும் தாளத்தில்தான் விழும்.

குளிர்காலத்தில் வீட்டுக்குள் காற்று காய்ந்து
மரம் வாய் பிளக்கும் இங்கே.
அதற்காக உறைக்குள், சோப்பு டப்பாவில், நனைத்த ஸ்பஞ்சு.
பென்த்தி உருளைக்கிழங்குத் தோல் வைக்கிறார்.
அவர் கிட்டாரை முகர்ந்தால் பசிக்கும்.

போன வாரம் நான் ஒன்று கொண்டுபோனேன்.
கெமியில் பழைய சாமான் கடை, நாற்பது யூரோ.
முதுகில் கீறல். கழுத்தில் சின்ன வளைவு.
துப்பாக்கி குறிபார்ப்பதுபோல் ஒற்றைக் கண்ணால் பார்த்து
"வேட்டைக்கு ஆகும்" என்றான் ஓஹ்தோ.
சிரித்ததில் என் பிக்
துளைக்குள் விழுந்தது.

கவிழ்த்துத் தலைக்குமேல் தூக்கிக் குலுக்கும்
அந்தச் சடங்கு
கிட்டார்க்காரர் எல்லோருக்கும் தெரியும்.
வாய் திறந்து, கண் மேலே செருகி,
சாமி வந்ததுபோல்.
முதலில் விழுந்த பிக் என்னுடையதல்ல.
அப்புறம் மடித்த பேருந்துச் சீட்டு.
அப்புறம் அரிசிபோல் ஒன்று
மேசையில் தெறித்து உருண்டது.

விளக்கடிக்கு நகர்த்தினாள் சிர்க்கு.
"பால் பல். கீழ்வரிசை, நடுவில், இடது.
ஆறு வயது. ஏழு இருக்கலாம்.
தானாக விழுந்தது, பிடுங்கியதில்லை."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
யாரோ ஒரு பிள்ளை போட்டிருக்கிறது.
அப்பா வாசிக்கும்போதெல்லாம்
கிலுகிலுத்திருக்கும் என்றார் பென்த்தி.
அம்மாவாகவும் இருக்கலாம் என்றாள் சிர்க்கு.
யாராயினும், கடை கடையாய்க் கொண்டுபோய்
உள்ளே ஏதோ கழன்றிருக்கிறது பாருங்கள்
என்று கெஞ்சியிருக்கலாம்.
அல்லது தெரிந்தே விட்டிருக்கலாம்.

ஓஹ்தோவின் போன் அலறியது.
விமான நிலையச் சாலையில் பனி.
எழுந்தான், கையுறை தேடினான், உட்கார்ந்தான்.
"ஒரே ஒரு பாட்டு. போட்டுவிட்டு வாசி."
எதைப் போட்டுவிட்டு?
"பல்லை."

மூன்றே கார்ட். ஸி, எஃப், ஜி.
உள்ளே சுற்றியது பல்,
அடி விழும் இடத்தில் அல்ல, சற்றுப் பின்தங்கி,
வரிசையில் நிற்கத் தெரியாததுபோல்.
எஃப் வந்தது.
பென்த்தி இருமினார்.

"இரண்டாம் தந்தி இறங்கியிருக்கிறது"
என்றாள் சிர்க்கு,
ட்யூனரை எடுக்காமல்.