மூன்றாவது சிலிண்டர்

வியாழக்கிழமை இருமுகிறது எங்கள் ஸ்கோடா.

மற்ற நாட்களில் ஒரு குறையுமில்லை.
இல்மெனாவின் மேட்டை
முணுமுணுக்காமல் ஏறிவிடும்.
இருமும் காலையில் மட்டும்
நாலு காலில் ஒன்று நொண்டும் நடை.
மஞ்சள் விளக்கு முதலில் சும்மா எரியும்,
ஏற்றத்தில் சிமிட்டத் தொடங்கும்.
எரிந்தால் பொறுக்கலாம், சிமிட்டினால் நிறுத்து
என்கிறது கையேடு.
கூடவே வழுக்கல் விளக்கும் வந்து உட்காரும்,
பந்தியில் அழைக்காமல் அமர்ந்தவன்போல.

இருபத்திரண்டு யூரோ கருவி.
ஸ்டியரிங்குக்கு அடியில் செருகியதும் சொல்லிவிடும்:
பூஜ்யம் மூன்று பூஜ்யம் மூன்று.
மூன்றாவது சிலிண்டரில் எரியவில்லை.
ஏன் என்று சொல்லாது.
அதற்கு அந்த விலை போதாது.

செப்டம்பரில் பிளக்கை
இரண்டாவதோடு மாற்றிப் போட்டேன்.
குற்றம் கூடவே நகர்ந்தால் குற்றவாளி பிளக்.
நகரவில்லை.
வயர்கள் நாலையும் மாற்றினேன், வயதான ரப்பர் என்று.
கழற்றியதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல்
குப்பையில் போட்டேன்.
அக்டோபரில் மறுபடி.
மலிவுச் சரக்கு என்று கடையில் சண்டை பிடித்தேன்,
வாரண்டியில் புதுசு தந்தார்கள்.
நவம்பரில் மறுபடி.
காலண்டரில் மூன்று வட்டம்.
மூன்றும் வியாழன்.
கிழமை காருக்குத் தெரியாது என்று விட்டுவிட்டேன்.

நேற்றிரவு
தெருவிளக்கு எட்டாத மூலைக்கு வண்டியைத் தள்ளினோம்.
தொட்டிச்செடிக்குத் தெளிக்கும் குப்பி என் கையில்.
ஹைட்ருன் உள்ளே, ஈரத் தலையோடு.
"இன்னும் கொஞ்சம் மிதி."
மிதித்தாள்.
தெளித்தேன்.

இருட்டுக்குள் ஒரு நீல நூல்
வயரிலிருந்து இரும்புக்குத் தாவியது,
டிக், டிக் என்று.
போகவேண்டிய இடம் வரை போகாமல்
பக்கத்திலேயே இறங்கிக்கொள்ளும் நெருப்பு.
கதவைத் திறந்து எட்டிப் பார்த்து
"அழகா இருக்கே" என்றாள்.
அழகாகத்தான் இருந்தது.

காலையில் வயரை வளைத்துப் பார்த்தேன்.
இரண்டு துளைகள்,
ஊசி குத்தினாற்போல, ஒரு அரிசி இடைவெளியில்.
பக்கத்து வீட்டு ஓட்டோகார் வனத்துறையில் இருந்தவர்.
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
"மரநாய்" என்றார்.
"உங்கள் கூரையில்தான் ஒன்று இருக்கிறதே."
ஏழு வருஷமாக இருக்கிறது.
பனிக்காலத்தில் இந்த எஞ்சின் சூட்டில்தான் படுக்கும்.
ஒருநாளும் கடித்ததில்லை.

"தன் வண்டியை அது ஏன் கடிக்கப்போகிறது?
வேறொரு மரநாயின் வாடை அடித்தால்தான்
அதற்கு வெறி ஏறும்.
கார் எங்கோ ராத்தங்கிவிட்டு வந்திருக்கிறது.
காட்டோரமாக எங்கோ.
வந்த மறுராத்திரி இது கடிக்கும்."
சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.
பிறகு தன் காலணியைப் பார்த்தார்.

செவ்வாய் இரவுகளில் ஹைட்ருனுக்கு ஆஸ்பத்திரி.
அங்கே கார்கள் நிற்பது தரைக்கடியில்,
இரும்பு ஷட்டருக்குள்.
எலிகூட நுழையாது.

வைப்பருக்கு அடியில் விரலை விட்டேன்.
மஞ்சளாய் உதிர்ந்த லார்ச் ஊசிகள், ஒரு பிடி.
எங்கள் தெருவில் லிண்டன் மட்டும்தான்.
ஊசிகளை எடுத்த இடத்திலேயே போட்டேன்.

புது வயர் மாட்டியாயிற்று.
வாடை போக எஞ்சினைக் கழுவச் சொல்லியிருந்தார்.
வெந்நீர்க் குழாயை வாசல்வரை இழுத்தவன்
திரும்பச் சுருட்டி வைத்தேன்.

கருவி கேட்டது: அழிக்கவா?

ஹைட்ருன் காபியோடு வந்து நின்றாள்.
"என்னவாம்?"
"வயர்."
"மறுபடியுமா?"
"மறுபடியும்."
கோப்பையை என்னிடம் நீட்டியபடி
டாஷ்போர்டைப் பார்த்தாள்.
அழுத்தினேன்.
மஞ்சள் அணைந்தது. மற்றதும் எழுந்து போனது.
நாலும் எரிய, சீராக ஓடியது எஞ்சின்.
அணைந்த இடத்தை
இருவரும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இன்று சனி.
ஒரு வாய் குடித்தேன்.
காபியில் சர்க்கரை இருந்தது.
நான் சர்க்கரையை விட்டு நாலு வருஷமாகிறது.