இஸ்

திஸ் இஸ் எ கேட் என்று போர்டில் எழுதினேன்.
திஸ் என்றால் இது. கேட் என்றால் பூனை.
எ என்றால் ஒரு, ஆனால் அதைச் சொல்ல வேண்டியதில்லை.
அதுவரை தலையாட்டினார்கள்.
இரண்டாவது வரிசையிலிருந்து ஒச்சுபாலு,
'அப்ப இஸ்ஸுன்னா என்ன, மிஸ்ஸு?'

பதினோரு வருஷமாய்
செக்கானூரணியில் பஸ் மாறி வருகிறேன்.
ஐந்து வகுப்பு, இரண்டு டீச்சர்,
மழை பெய்தால் ஒரே அறை.
இதை யாரும் கேட்டதில்லை.
பயிற்சி முகாமில் பலூன் ஊதச் சொன்னார்கள்,
முயலாய்த் தாவச் சொன்னார்கள், மதியம் தயிர்சாதம்.
இஸ்ஸைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

'இருக்கிறது' என்றேன்.
'இது பூனை இருக்கிறதா?
தப்பால்ல வருது' என்றாள் பாண்டிதர்ஷினி.
'சரி, ஆகும். இது பூனை ஆகும்.'
'ஆகுறதுக்கு முன்னாடி என்னவா இருந்துச்சு?'

நானும் தமிழ் மீடியம்தான்.
எங்கள் சார் எழுதுவார், பார்த்து எழுதுவோம்.
இஸ் ஒரு முளைக்குச்சி,
அடித்த இடத்தில் நிற்கும், அவ்வளவுதான்.
இன்றைக்குத்தான் அதைப் பிடுங்கிப் பார்க்கிறேன்.
இது, பூனை.
இரண்டும் தோள் உரசி நிற்கிற சொற்கள்.
இங்கிலீஷ்காரனுக்கு மட்டும்
நடுவில் ஒரு ஆள் வேண்டும்,
பத்திர ஆபீசில் சாட்சிக் கையெழுத்துக்கு
வந்து நிற்பவரைப் போல.
அப்படியே சொன்னேன்.
'எங்க மாமா நிப்பாரு மிஸ்,
இருநூறு ரூவா குடுப்பாங்க' என்றான் ஒருத்தன்.
அன்றைய பாடம் அதோடு முடிந்தது.

வெள்ளிக்கிழமை, என் குடும்பம், ஐந்து வரி.
பஸ்ஸில் உட்கார்ந்து நோட்டைத் திருத்துகிறேன்.
மை நேம் இஸ் ஒச்சுபாலு.
மை மதர் இஸ் நூறு நாள்.
மை ஃபாதர் இஸ் முறுக்கு.

சிவப்புப் பேனாவின் மூடி பல்லில் இருந்தது.
இந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள்,
அவுங்கப்பா முறுக்கு.
நாந்தேடு, வாரங்கல், இன்னும் எங்கெங்கோ
எண்ணெய்ச் சட்டியைச் சுற்றி நிற்கிறவர்கள்.
மாசிப்பச்சைக்கு வருவார்கள்,
கறி எடுப்பார்கள், மூன்றாம் நாள் ரயில்.
மேக்ஸ் முறுக்கு என்று திருத்தலாம்.
இஸ் எங்கே போச்சு என்று கேட்பான்.
நோட்டை மூடிவிட்டேன்.

அடுத்த மாதம் வாஸ் வந்தது.
இதுவாவது லேசு என்று நினைத்தேன்.
'இப்ப இருந்தா இஸ்.
முன்னாடி இருந்து இப்ப இல்லேன்னா வாஸ்.'
எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.
பாண்டிதர்ஷினி மட்டும் எழுதவில்லை.
'எங்கப்பாவுக்கு எது மிஸ்?'

போன மாசிப்பச்சைக்கு அவர் வரவில்லை.
அதற்கு முந்தினதுக்கும்.
கூடப் போனவர்கள் சொல்வது ஆளுக்கொரு ஊர்.
அவள் அப்பா முறுக்கு என்று தமிழில் சொன்னால்
யாரும் எதையும் முடிவு செய்ய வேண்டாம்.
அந்த இரண்டு சொல்லுக்கு நடுவே
ஒன்றுமில்லாத அந்த இடத்தில்தான்
இத்தனை நாளாய் அந்த வீடு குடியிருந்திருக்கிறது.
நான் போய்க் கதவைத் தட்டிவிட்டேன்.

சாக்பீஸ் கையில் நனைந்திருந்தது.
அடுத்த அறையில் மூன்றாம் வகுப்பு
ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது.
'இஸ்ஸே போடு' என்றான் ஒச்சுபாலு,
பென்சில் சீவிக்கொண்டே, நிமிராமல்.
'வந்தா அழிக்க வேணாம்ல.'

போட்டாள்.
என்னைப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் அழுத்தி.

மறுவாரம் வட்டாரக் கல்வி அலுவலர் வந்தார்.
அந்த நோட்டைத்தான் எடுத்தார்.
'இதைத் திருத்தலையா டீச்சர்?'
திருத்தியிருந்தேன் சார், பாருங்கள்,
முறுக்குக்கு ஒரு கே குறைந்தது,
சேர்த்திருக்கிறேன்.