நாற்பத்தொன்றாம் எண் சாவி

கிளீவ்லேண்டில், ஏரிக்காற்று அடிக்கிற ராத்திரிகளில்
எங்கள் கதவு மணியை அழுத்துபவர் பெரும்பாலும் ஸ்மித்.
சிலர் ஜோன்ஸ்.
பேரேட்டில் எழுதிக்கொள்வேன். என் வேலை எழுதுவது,
நம்புவதல்ல.

சாவிக்கு முன்பணம் ஐந்து டாலர்.
ஒரு துண்டு, ஒரு பழுப்பு உறை.
உறைக்குள் பர்ஸ், கைக்கடிகாரம்,
சோப்புப் போட்டுக் கழற்றவேண்டிய மோதிரம்.
நாக்கால் நனைத்து ஒட்டி, மேலே ஒரு கிறுக்கல்.
ஒட்டிய பிறகுதான் தோள் இரண்டும் இறங்கும்,
அதுவரை தூக்கிப் பிடித்திருந்தது
அவர்களுக்கே தெரியாது.

உள்ளே என்ன நடக்கும் என்று கேட்கிறார்கள்.
நடப்பது நடக்கும்.
அதைவிட அதிகம் நடப்பது சும்மா உட்கார்ந்திருத்தல்.
நீராவியில் ஓர் உருக்காலைக்காரர், அவர் பக்கத்தில் பல் மருத்துவர்,
இடுப்பில் ஒரே நூலில் நெய்த துண்டு.
கோடையென்றால் தொலைக்காட்சியில் பேஸ்பால்,
எங்கள் அணி தோற்றுக்கொண்டிருக்கும்,
அம்மணமாகத் திட்டுவார்கள்.

செவ்வாய்தோறும் ஒரு ஸ்மித் வருவார்.
நாற்பத்தொன்று காலியா என்பார்.
நாளுக்கு முந்நூறு துண்டு துவைப்பவன் சொல்கிறேன்:
ஈரத் துண்டை மடித்துப் போட்ட ஒரே ஆள் அவர்.
நீளவாக்கில் மூன்றாக, பிறகு பாதியாக.
அழுக்குக் கூடைக்குப் போவதை எதற்கு மடிக்கிறீர்கள்?
"வீட்டுப் பழக்கம்."
வீட்டைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான்.

பிறகு அந்த வருஷங்கள்.
சுகாதாரத் துறையின் சுவரொட்டி வந்தது.
கண்ணாடிக் கிண்ணத்தில், மிட்டாய் வைப்பதுபோல், ஆணுறைகள்.
சிலர் மெலிந்து வந்தார்கள், கண்ணாடி இருக்கும் பக்கம் போகாமல்.
சிலர் வரவில்லை.
வராதவர்களை எழுதப் பேரேட்டில் இடம் கிடையாது.

மார்ச் மாதம், பனி சேறாகிக் கிடந்த ஒரு பகலில்
மணியை அழுத்தியவர் ஒரு பெண்.
பச்சைக் கோட்டு, தலையில் குட்டை இல்லை.
ரப்பர் வளையத்தில் கோத்த சாவியை மேசையில் வைத்தார்.
"எமிலின் கோட்டுப் பையில் இருந்தது.
துணிமணிகளைச் சர்ச்சுக்குக் கொடுக்கும்போது பார்த்தேன்.
வில்லையில் இந்தத் தெரு பெயர்."

எமில்.
ஒன்பது வருஷம் கழித்து.

"இது நீச்சல் குளமா?"
ஆமாம் என்றேன். கொஞ்சம் சுடுதண்ணீர்.
"அவருக்கு நீந்தத் தெரியாதே."
இங்கே ஆழமில்லை, அம்மா.

என் தோளுக்குப் பின்னால் பார்த்தார்.
வெறுங்காலோடு நடைபாதையைக் கடக்க வந்த ஒருவன்
இவரைக் கண்டு, துண்டை இறுக்கிக்கொண்டு
வந்த வழியே திரும்பினான்.
கொதிகலன் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

"சாவிக்கு முன்பணம் உண்டா?"
ஐந்து டாலர் கொடுத்தேன்.
நீவி, இரண்டாக்கி, கைப்பைக்குள் வைத்தார்.
முடியிலிருந்து பனித்தண்ணீர் சொட்டியது,
ஒரு துண்டு நீட்டினேன். துவட்டினார்,
முகத்தைக் கொஞ்ச நேரம் அதற்குள்ளேயே வைத்திருந்தார்.

பிறகு மடித்தார்.
நீளவாக்கில் மூன்றாக.
எனக்குக் கை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
கூடையைக் காட்டினேன். அவர் போடவில்லை.
மேசை ஓரத்தில் வைத்துவிட்டுப் போனார்,
கதவைச் சத்தமில்லாமல் சாத்தி.

அன்று ராத்திரி நல்ல கூட்டம்.
பதினோரு மணிக்கு ஒரு பையன், முதல் தடவை,
ஸ்மித் என்பதில் ஓர் எழுத்தை விட்டு எழுதினான்.
எந்த எண் என்றாலும் சரி என்றான்.
மிச்சம் இருந்தது ஒன்றுதான்.
ஐந்து டாலர் என்றேன்.
அவன் மேசை ஓரத்துத் துண்டை எடுக்கப் போனான்.

அது ஈரம், என்றேன்.
இரு, வேறு தருகிறேன்.