இரண்டு விரல்

கையை முழுதாகத் தூக்கக் கூடாது,
அது பஸ்ஸை நிறுத்த.
ஹேண்டில்பாரை விடாமல்
ஆள்காட்டியும் நடுவிரலும் மட்டும்
பிரேக்கிலிருந்து எழும்ப வேண்டும்
சுவரில் பல்லி தலை தூக்குகிற அளவுக்கு.
எதிரே வருபவரும் தூக்குவார்.
அவ்வளவுதான். சிரிப்பு கட்டாயமில்லை.
பெண்ணென்றால் சிரிக்காமலிருப்பதே மேல்
என்று நானாக ஒன்று சேர்த்துக்கொண்டேன்.

கிழக்குக் கடற்கரைச் சாலை. ஞாயிறு, ஐந்தே கால்.
சர்க்கரை இருநூற்றுப் பத்து என்று தாள் வந்த மாதம்
தவணையில் வாங்கிய சைக்கிள்.
திருவான்மியூரிலிருந்து முட்டுக்காடு, திரும்ப வீடு.

கூட்டமாகப் போகிறவர்களில்
முதல் ஆள் மட்டும் தூக்குவான்,
மற்றவர்கள் அதையே பங்கு போட்டுக்கொள்வார்கள்.
எதிர்க்காற்றில் யாரும் தூக்குவதில்லை,
அதற்கு மனத்தாங்கல் படக் கூடாது.
ஹெல்மெட் இல்லாதவர்களுக்குத் தூக்குவதில்லை.
இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.
எப்படியோ தெரிந்திருந்தது.

ஹெல்மெட் இல்லாதவர்கள்தான் அதிகம்.
பால் டப்பா கட்டியவர், மீன் பெட்டி கட்டியவர்,
ராத்திரி ஷிப்ட் முடிந்து
சீருடைச் சட்டையை மடித்து கேரியரில் செருகிய வாட்ச்மேன்.
எல்லோரும் ராங் சைடில், ஓரமாக,
என்னைப் பார்த்தபடி வருவார்கள்.

கொட்டிவாக்கத்தில் ஒரு நாள் அரையிருட்டில்
பழக்கதோஷம், விரல் எழுந்துவிட்டது.
அந்த வாட்ச்மேன் திரும்பிப் பின்னால் பார்த்தார்,
யாருக்கோ வணக்கம் வைக்கிறேன் என்று.
பின்னால் ஒரு நாயும் இல்லை.
அதற்குள் நான் கடந்துவிட்டேன்.
அவர் முகம் மட்டும் அக்கரை வரை கூடவே வந்தது.

அடுத்த வாரம் வேண்டுமென்றே தூக்கினேன்.
இம்முறை டீ கேன்காரர்.
சட்டென்று காலை ஊன்றி நிறுத்தினார்,
ஸ்டாண்டு போட்டார்,
அடுக்கிலிருந்து பேப்பர் கப் உருவினார்,
ஒன்று.
இன்னொன்று.

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை.
பிறகு புரிந்தபோது சொல்ல வாய் வரவில்லை.
என்னவென்று சொல்வது?
நான் உங்களுக்கு வணக்கம் வைத்தேன்,
நீங்கள் டீ ஊற்றிவிட்டீர்கள் என்றா?

"இன்னொருத்தர் எங்க?"
"வராங்க" என்றேன்.
இரண்டையும் நானே குடித்தேன்,
ஒன்றை ஆற விட்டு, வராதவருக்காகச் சாலையைப் பார்த்து,
அப்புறம் பொறுமையிழந்தவள்போல.
பாகாக இனித்தது.
எதற்காகச் சைக்கிள் மிதிக்கிறேனோ
அதை இருபது ரூபாய்க்கு நின்று குடித்தேன்.

கேனில் ஒட்டியிருந்த கட்டத்தைப் போனால் பிடித்தேன்.
திரையில் பெயர் வந்தது: லூர்து ஜெயசீலி.
"வீட்டம்மா கணக்கு" என்றார்,
மூடியைத் திருகிக்கொண்டே.
கிளம்பும்போது என் பின்சக்கரத்தை
கட்டைவிரலால் ஒரு அமுக்கு.
"காத்து கம்மி. பாத்துப் போங்க."

இந்த ஊரில் முன்பின் தெரியாதவர்கள் பேசிக்கொள்வது இப்படித்தானே.
ஸ்டாண்டு எடுங்க. துப்பட்டா சக்கரத்துல.
லைட் எரியுது என்று
காற்றில் விரித்து மூடுகிற ஒரு கை.
இத்தனை வருஷமும் வாங்கி வைத்திருந்தேன்,
பதில் வணக்கம் சொல்லத் தோன்றியதில்லை.

இப்போது தூரத்திலேயே அவர்தான் தூக்குகிறார்,
ஒற்றை விரல், கேள்வியாக.
நான் தலையசைத்தால் நிற்பார்,
இல்லையென்றால் மணியடித்துப் போவார்.
சர்க்கரை கம்மியா ஊற்றுங்க என்று
இன்னும் கேட்கவில்லை.
பெயரும் கேட்கவில்லை.
அவர் மனைவி பெயர் தெரியும்.

வாட்ச்மேனைத்தான் அப்புறம் காணோம்.
ஷிப்ட் மாறியிருக்கலாம்.
கொட்டிவாக்கம் வரும்போது விரல் எழும்புகிறது,
வைக்க ஆளில்லாமல்
திரும்பப் பிரேக்கில் உட்கார்கிறது.